டக் என்று சத்தம் வரும்வரை

குடைக்காரர் தன் வாழ்நாளில் ஒரு குடையைக்கூட விற்றதில்லை. மழைக்காலம் தொடங்கியதும் ஏதாவது ஒரு பத்திரிகையில் 'குடையைப் பாதுகாப்பது எப்படி' என்று அவர் எழுதிய கட்டுரை வந்துவிடும். அதைப் பார்த்துத் தெருக்காரர்கள் வைத்த பெயர் அது. கட்டுரை என்னவோ ஒன்றுதான். முதல் பத்தியை மட்டும் மாற்றுவார். ஒரு வருடம் "வானம் இருண்டது" என்று ஆரம்பிக்கும், மறு வருடம் "மேகம் கறுத்தது" என்று ஆரம்பிக்கும். கம்பிக்கு எண்ணெய் தடவுவதிலிருந்து கைப்பிடியைத் துடைப்பது வரை மீதியெல்லாம் அட்சரம் பிசகாது. குடை மாறாதபோது கட்டுரை மட்டும் எதற்கு மாற வேண்டும் என்பது அவர் கட்சி.

எந்த அலுவலகத்திலும் அவருக்கென்று நாற்காலி கிடையாது. கேட்டவர்களுக்குக் கேட்டதை எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவர். வாரபலன் எழுதியிருக்கிறார். பற்பசை டப்பாவின் பின்பக்கம் எழுதியிருக்கிறார். மெஷின் கம்பெனிகளுக்கு உபயோகக் கையேடு எழுதியிருக்கிறார். முன்பின் தெரியாதவர்களுக்கு இரங்கல் குறிப்பு எழுதி, எழுதும்போதே கண்கலங்கியிருக்கிறார். எல்லாவற்றிலும் ஒரு பிரதி கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டியில் இருந்தது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, ஞாயிற்றுக்கிழமை பெருக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டியை நகர்த்திவிட்டு, "இதுக்குள்ள இலக்கியமா இருக்கு, இரும்பா இருக்கு?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்.

ஒருநாள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"அப்பா என்ன வேலை பண்றார்னு கேட்டாங்க. எழுத்தாளர்னு சொன்னேன். எந்த புக்குனு கேட்டாங்க."

"நீ என்னம்மா சொன்ன?"

"குடைன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

குடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடம் எழுதியும் முதுகில் தன் பெயர் போட்ட ஒரு புத்தகம் இல்லையே என்று அன்றுதான் அவருக்கு உறைத்தது. மறுநாள் காலையில் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தெரிந்த பதிப்பாளரிடம் போனார். பதிப்பாளர் பெட்டியைத் திறந்து, மேலாக இருந்ததைப் படித்துச் சிரித்து, நடுவில் இருந்ததைப் படித்து மூக்கை உறிஞ்சி, "போட்டுடலாம்" என்றார்.

"நல்லதா பொறுக்கிக் குடுங்க. கனமா ஒரு தொகுப்பு. ஆனா எல்லாம் ஏற்கெனவே அச்சுல வந்தது. வாரியத்துல சான்று வாங்கிட்டு வந்துடுங்க. இந்த மாசத்துக்குள்ள வரலைன்னா, அந்த இடத்துல ஒரு பல் டாக்டரோட கவிதைத் தொகுப்பு நிக்குது."

வாரியம் என்றால் எழுத்து மறுபயன்பாட்டு வாரியம். ஒரு தடவை வாசகர் கண்ணில் பட்ட எழுத்து இன்னொரு தடவை படுவதாக இருந்தால், அதனால் வாசகருக்கு நேரக்கூடிய சேதத்தை முன்கூட்டியே தடுப்பதற்காக உண்டாக்கப்பட்டது. மூன்று மாடிக் கட்டடம். வாசல் வளைவில் பெரிய எழுத்தில் 'ஒவ்வொரு முறையும் புதியது போல' என்று எழுதியிருந்தது. அந்த வாசகத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று குடைக்காரருக்குத் தோன்றியது. பார்த்த மாதிரி இருக்கும் வாசகங்களை எழுதியே வயிறு வளர்ப்பவர் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாசல் காவலாளி முதலில் அவருடைய சட்டைப்பைகளை உள்ளிருந்து வெளியே இழுத்துவிட்டார். சில்லறையை எடுத்தார். பெட்டி சாவியை எடுத்தார். பேனாவை எடுத்தபோது குடைக்காரர் தயங்கினார்.

"விண்ணப்பம் எழுதணுமே?"

"எழுதணும்தான். ஆனா பேனா உள்ள போகக் கூடாது. கசிஞ்சா எல்லாம் பாழ். முதல் விதியே அதுதான்."

உள்ளே எழுத்தாளர்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோருடைய பைகளும் வெளியே நாக்கு நீட்டிக்கொண்டிருந்தன. வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒரு வரிசை, கலர் சட்டைக்காரர்கள் ஒரு வரிசை. குடைக்காரர் அன்று நீலக்கோடு போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த உதவி அதிகாரிக்கு முகம் வெளிறிவிட்டது. உள்ளே போய் இரண்டு பேரிடம் கலந்து பேசிவிட்டு வந்தார்.

"கோடு கெட்டியா? ஒட்டாதே?"

"எதுல ஒட்டும் சார்?"

"அதெல்லாம் விதியில சொல்லலை. தனியா போடணும்னு மட்டும்தான் சொல்லியிருக்கு." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணுங்க. சட்டையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டுக்கிட்டு, கலர் வரிசையில கடைசியா நில்லுங்க."

குடைக்காரர் தையல் வெளியே தெரிய நின்றார். காத்திருக்கும் கூடத்தில் நாலில் ஒரு பங்கு நாற்காலிகளைக் கயிறு கட்டித் தடுத்து வைத்திருந்தார்கள். அந்த நாற்காலிகள் சும்மா கிடக்க, மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஏன் என்று பக்கத்தில் நின்ற அம்மாளிடம் கேட்டார்.

"முக்கால்வாசிக்கு மேல நிரப்பக் கூடாதாம்" என்றாள் அவள். "நான் சிறுவர் கதை எழுதறவ. எனக்கு இதுல எங்கயும் நிக்கவே உரிமை இல்ல. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்னு ஒரு விதி இருக்காம். அதனால என் கதையை எல்லாம் மேல் தட்டுல வெச்சிட்டாங்க. வருஷக்கணக்கா வந்து அண்ணாந்து பாத்துட்டுப் போறேன்."

கூடம் நிறைந்ததும் கடைநிலை ஊழியர் ஒருவர் வந்து பெரிய கதவைச் சாத்தினார். மேசைகளில் இருந்த அத்தனை அதிகாரிகளும் கையைக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். கதவு 'டக்' என்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கினார்கள். சற்று நேரத்தில் காற்றடித்துக் கதவு லேசாகத் திறந்துகொண்டது. பாதி வார்த்தையில் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் கொட்டாவியைக்கூடப் பாதியில் நிறுத்தியதைக் குடைக்காரர் கண்ணால் பார்த்தார்.

அவர் முறை வந்தது. உதவி அதிகாரி கட்டுரைகளை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இதெல்லாம் யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"எப்போ?"

"ஒவ்வொண்ணு ஒவ்வொரு சமயத்துல. கொஞ்சம் பழசு."

"அப்போ எழுதினவர் பழையவர். இப்போ கேக்கறவர் புதியவர். பழையவர் சம்மதிச்சிருக்காரா?"

"ரெண்டு பேரும் நான்தானே சார்."

"அதை நீங்களே எப்படி முடிவு பண்ணலாம்? ரெண்டு பேரையும் விசாரிக்கணும். ஒரே அறையில விசாரிக்கவும் முடியாது. புதுசோட சாயம் பழசுல ஒட்டிடும்னு விதி தெளிவா சொல்லுது."

ஆக விசாரணை இரண்டு அறைகளில் நடந்தது. முதல் அறையில் விண்ணப்பதாரராகக் குடைக்காரர் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். "உங்க கட்டுரைகளைக் குடுங்கன்னு பழைய எழுத்தாளரைக் கேக்கறேன்" என்று வாக்குமூலம் கொடுத்தார். உதவி அதிகாரி அதை வாங்கிக்கொண்டு, அவரைப் பின்வாசல் வழியாக இரண்டாம் அறைக்கு அனுப்பினார். அங்கே மெத்தை போட்ட நாற்காலி, மின்விசிறி, சூடான காபி. உதவி அதிகாரி எழுந்து நின்று, "ஐயா, உங்களைத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். யாரோ ஒருத்தர் உங்க எழுத்தைக் கேட்டு வந்திருக்கார்" என்றார்.

யாராவது தன்னை ஐயா என்று கூப்பிட்டுக் குடைக்காரர் கேட்டதில்லை. மெத்தையும் நன்றாக அமுங்கியது.

"ஆள் எப்படி?" என்று கேட்டுவிட்டார்.

"சுமார்தான் ஐயா. சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கார்."

"புதுசா எதுவும் எழுத மாட்டாராமா?"

"வராதுபோல ஐயா. அதான் உங்ககிட்ட கையேந்தறார்."

குடைக்காரருக்குச் சுருக்கென்றது. அந்த ஆள் மேல் கோபமும் வந்தது. ராத்திரி பகலாக முழித்து நான் எழுதியதை இவன் நோகாமல் கேட்கிறானே என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். பிறகு முக்காலிக்கு வந்து உட்கார்ந்ததும், உதவி அதிகாரி வருத்தத்தோடு, "அவர் யோசிக்கணுமாம். கொஞ்சம் கர்வி" என்றார். குடைக்காரர் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளாத குறை.

மறுபடி மெத்தைக்குப் போய் அவசரமாகச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தார். கட்டுரைகள் ஊறல் அறைக்குப் போயின. கறை இருந்தால் ஊறினால்தான் போகுமாம். என்ன கறை என்று எவருக்கும் தெரியவில்லை. மாடி நடைபாதையில் கொடி கட்டி, யார் யாருடையதோ கட்டுரைகளைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஜன்னலெல்லாம் வெயில் படாதபடி திரை.

அதற்கப்புறம் குடைக்காரரைச் சுழற்றினார்கள். விண்ணப்பதாரர் மூன்று மாடியும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. கீழே வந்தபோது அவருக்குக் கோபத்தில் உடம்பெல்லாம் நடுங்கியது. "இந்த மாசத்துக்குள்ள கிடைக்குமா, கிடைக்காதா, அதையாவது சொல்லுங்க" என்று குரல் உடையக் கேட்டார். உதவி அதிகாரி அவரை அக்கறையோடு பார்த்து, ஊழியரைக் கூப்பிட்டார்.

"ரொம்ப ஆடறார். சமமா இல்லபோல. அட்டை வைங்க."

முக்காலியின் ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டையைச் செருகினார்கள். நடுக்கம் நின்றுவிட்டதா என்று மூன்று பேர் குனிந்து பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, திருப்பிப் போட்ட சட்டையைக்கூடக் கழற்றாமல் நடந்ததையெல்லாம் மனைவியிடம் கொட்டினார். அவள் அழுக்குத் துணியைப் பிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளையை ஒரு பக்கம் போட்டாள், கலரை ஒரு பக்கம் போட்டாள்.

"சரி, அந்தச் சட்டையைக் கழட்டிக் குடுங்க. பையில பேனா இருக்கா பாருங்க. போன தடவை கசிஞ்சு பாழாப் போச்சு."

குடைக்காரர் சட்டையைக் கழற்றிய கை கழற்றியபடி நின்றார்.

"மெஷின்ல போடுங்க, ரொம்பத் திணிக்காதீங்க. முக்கால்வாசி போதும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. கதவை நல்லா சாத்துங்க."

"எப்படிச் சாத்தணும்?" என்று கேட்டார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"டக்னு சத்தம் வர்ற வரைக்கும்."

அந்த வாஷிங் மெஷின் பக்கவாட்டில் நசுங்கிய ஒன்று. கையேடு எழுதிக் கொடுத்ததற்காகக் கம்பெனி சன்மானமாகக் கொடுத்தது. அதன் நெற்றியில் இன்னும் அழியாமல் ஒட்டியிருந்தது ஒரு வாசகம்: ஒவ்வொரு முறையும் புதியது போல. குடைக்காரர் மெஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, தன் சட்டை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் மெதுவாகச் சுற்றியது, பிறகு வேகமாகச் சுற்றியது. மெஷின் ஆடியபோது மனைவி வந்து காலடியில் அட்டையை நகர்த்தினாள். குடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். மகள் ஓடி வந்து அப்பாவைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று தெரியாமலே தானும் சேர்ந்து சிரித்தாள்.

மறுநாள் வாரியத் தலைவரைப் பார்க்க வேண்டும் என்று கூடத்தில் நின்று அடம்பிடித்தார். அன்று வாரியத்தின் ஆண்டு விழா. தலைவர் மேடையில் இருந்தார். அவருக்குப் பின்னால் ஸ்தாபகரின் படம் தொங்கியது. முதல் தலைவரான ஸ்தாபகர்தான் விதிகள் அத்தனையையும் இரண்டே நாளில், யாருடைய உதவியும் இல்லாமல், வீட்டிலிருந்தபடியே எழுதி முடித்தாராம்.

"இந்த வாரியம் யாருக்கும் இல்லைன்னு சொன்னதில்ல" என்று தலைவர் பேசிக்கொண்டிருந்தார். "ஆமான்னும் சொன்னதில்ல. அதுக்குப் பேர்தான் நடுநிலை. வெளியில சிலர் கேக்கறாங்க, ஒரு சான்றாவது குடுத்திருக்கீங்களான்னு. நான் திருப்பிக் கேக்கறேன், ஒரு தப்பான சான்றாவது குடுத்திருக்கோமா? எழுதறவங்களை விட்டா எழுதிக்கிட்டே இருப்பாங்க. அவங்களைக் காப்பாத்த வேண்டியது நம்ம கடமை. ஸ்தாபகர் எழுதின வரியைப் பாருங்க. 'மென்மையானவற்றை மென்மையாகவே கையாளவும்.' என்ன மனசு இருந்தா இப்படி ஒரு வரி வரும்."

கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தலைவர் அடுத்த வரியைத் தொடங்கினார். "'முறுக்கிப் பிழிவதைத் தவிர்க்கவும். ஏனெனில்...'"

"'ஏனெனில் இழை தளர்ந்துவிடும்'" என்று பின்வரிசையிலிருந்து குடைக்காரர் முடித்தார்.

அவரை மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். விதிகளைப் படிக்க அதிகாரிகளுக்கு மட்டும்தான் அனுமதி, இவருக்கு எப்படித் தெரிந்தது என்று விசாரித்தார்கள்.

"நான்தான் சார் எழுதினேன். வாஷிங் மெஷினுக்கு எழுதினேன். துணின்னு இருந்த இடத்துல எல்லாம் எழுத்துன்னு யாரோ மாத்தியிருக்காங்க. முதல் பத்தியைக்கூடத் தொடலை. நானா இருந்தா அதையாவது மாத்தியிருப்பேன்."

தலைவர் ஸ்தாபகர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். உதவி அதிகாரிதான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

"அப்படின்னா நம்ம விதிகளைத் தூக்கி வாஷிங் மெஷினுக்குப் போட்டிருக்கீங்க. மறுபயன்பாடு. அதுக்கு எங்ககிட்ட அனுமதி வாங்கினீங்களா?"

"வாரியம் வர்றதுக்கு முன்னாடியே எழுதினது சார்."

"வாரியம் வர்றதுக்கு முன்னாடியே விதியை மீறியிருக்கீங்க. அது இன்னும் பெரிய குத்தம். சார், இவரோட கட்டுரை எதையும் இனி வெளிய விடக் கூடாது. நிரந்தரமா ஊறட்டும்."

குடைக்காரருக்குச் சிரிப்பெல்லாம் ஓடிவிட்டது. பல் டாக்டரின் கவிதைகள் கண்முன்னே வந்தன. வகுப்பில் எழுந்து நின்று குடை என்று சொன்ன மகளின் முகம் வந்தது. மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்தோ என்னவோ, தலைவர் மற்றவர்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, அவரை ஓரமாக அழைத்துக்கொண்டு போனார்.

"நீங்க எழுதினதாவே இருக்கட்டும்" என்றார் தாழ்ந்த குரலில். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கடைசிப் பக்கத்துல என்ன இருந்துச்சு?"

"ஏன் சார்?"

"எங்ககிட்ட கடைசிப் பக்கம் இல்ல. ஸ்தாபகர் கொண்டுவந்தப்பவே கிழிஞ்சிருந்துச்சு. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியும், எப்படிச் சுத்தறதுன்னு தெரியும். எப்படி முடிக்கறதுன்னு தெரியாது. நான் பதவிக்கு வந்ததுலேர்ந்து எல்லாம் சுத்திக்கிட்டேதான் இருக்கு. எனக்கு நிம்மதியான தூக்கமே இல்லங்க."

குடைக்காரருக்கு அந்த மனிதர் மேல் இரக்கமாக இருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மெஷின் நின்றுபோனால் மட்டும் ஜனங்கள் திறந்து பார்க்கிற ஒரே பக்கம் என்பதால், அதைத்தான் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். மேடையின் நடுவுக்கு வந்து, துணியை எழுத்தாக்கி, கணீரென்று ஒப்பித்தார்.

"'இயக்கம் நடுவில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தவும். சற்று நேரம் பொறுத்திருக்கவும். கதவு திறந்துகொள்ளும். உள்ளே உள்ள எழுத்துகளை வெளியே எடுக்கவும்.'"

அதோடு பக்கம் முடிந்துவிட்டது. எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பத்தை மட்டுமே மாற்றிப் பழகிய குடைக்காரர், அன்று முதல் தடவையாக ஒரு பழைய எழுத்தின் முடிவில் புதிதாக ஒரு வரி சேர்த்தார்.

"'எடுத்தவற்றை உடனடியாக உரியவரிடம் கொடுத்துவிடவும்.'"

"அற்புதம்" என்றார் தலைவர். "ஸ்தாபகர் நடை அப்படியே இருக்கு."

மின்சாரத்தை நிறுத்தினார்கள். விசிறிகள் ஓய்ந்தன. இருட்டில் எல்லோரும் ஊறல் அறைக் கதவையே பார்த்தபடி நின்றார்கள். நேரம் போயிற்று. கதவு தானாகத் திறக்கவில்லை. குடைக்காரருக்கு வியர்த்தது. உதவி அதிகாரி இவரைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். அப்போது சிறுவர் கதை அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கதவு வந்துவிட்டது. அது பூட்டியிருக்கவே இல்லை. இயங்கும்போது கதவைத் திறக்க முயல வேண்டாம் என்று விதி இருந்ததால், அதுவரை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை.

அன்று கட்டுக்கட்டாக எழுத்துகள் வெளியே வந்தன. வாலிபத்தில் கொடுத்த காதல் கதையை வழுக்கைத் தலையோடு ஒருவர் வாங்கிக்கொண்டார். மேல் தட்டிலிருந்து சிறுவர் கதைகளை இறக்க ஏணி போட்டார்கள். வெள்ளையும் கலரும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டதில் யார் மேலும் எந்தச் சாயமும் ஒட்டவில்லை. குடைக்காரர் தன் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பேனாவைத் திரும்ப வாங்க மறந்து, ஓட்டமும் நடையுமாகப் பதிப்பாளரிடம் போனார். அடுத்த சுழற்சி எப்போது தொடங்கும் என்று யார் கண்டது.

புத்தகம் வந்தது. பதிப்பாளர் கேட்டுக்கொண்டதால், வாஷிங் மெஷின் கையேட்டை ஒரு எழுத்தும் மாற்றாமல் முதல் கட்டுரையாகச் சேர்த்திருந்தார்கள். விமர்சகர்கள் அதைத்தான் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். அதிகார இயந்திரத்தை இத்தனை கூர்மையாகக் கிழித்த எழுத்து அண்மையில் வரவில்லை என்று ஒருவர் எழுதினார். துணி என்பது குடிமக்களைக் குறிக்கிறது என்று இன்னொருவர் விளக்கினார். மகள் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது தலை நிமிர்ந்திருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"எங்க வீட்டுலயும் இந்த மெஷின் இருக்குன்னு டீச்சர் சொன்னாங்கப்பா. உங்க கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

குடைக்காரர் அழுதார். மனைவி, "மூக்கைத் துடைச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க, புக்குல விழுந்துடப் போகுது" என்றாள். அவளுக்கும் குரல் சரியாக இல்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் உதவி அதிகாரி வீட்டுக்கு வந்து நின்றார். அழைப்பு மணியை அழுத்தலாமா என்று விதி இல்லாததால் வெகுநேரம் வெளியிலேயே நின்றிருக்கிறார்.

"கடைசிப் பக்கம் வந்ததோட பழைய விதி எல்லாம் முடிஞ்சு போச்சு ஐயா. என்ன பண்றதுன்னு தெரியாம எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். நீங்கதான் புது விதி எழுதித் தரணும்னு தலைவர் சொல்லிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. இதுவரைக்கும் எங்கயும் வராததா, முழுக்கப் புதுசா இருக்கணும்."

"அதுக்கென்ன, எழுதிட்டாப் போச்சு" என்றார் குடைக்காரர்.

அவரை வாசல் அறையில் உட்காரவைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்தார். ஃபிரிஜ் கையேட்டை எடுத்தார். எப்போதும் மூடியே வைக்கவும் என்றிருந்ததைப் பார்த்துத் தள்ளி வைத்தார். பிரஷர் குக்கரையும் தள்ளி வைத்தார், ஏற்கெனவே எழுத்தாளர்கள் நன்றாகத்தான் வெந்துகொண்டிருக்கிறார்கள். கடைசியில் மிக்ஸி கையேடு கையில் வந்தது. அதில் ஒரு வரி அவருக்குப் பிடித்துவிட்டது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்ற வரியை மட்டும் அடித்தார். முதல் பத்தியை மாற்றினார். எதை எதால் மாற்ற வேண்டும் என்பது அவருக்குப் பழக்கம்தான். காபி ஆறுவதற்குள் புது விதிகள் தயாராகிவிட்டன. உதவி அதிகாரி அங்கேயே படித்துப் பார்த்து, இது வேறு யாருக்கும் வராத நடை என்று கண்கலங்கினார்.

பிறகு ஒருநாள் மறந்துபோன பேனாவை வாங்கிவரக் குடைக்காரர் அந்தப் பக்கம் போனார். வாரிய வாசலில் காவலாளி, உள்ளே போகிற ஒவ்வொருவர் தலையிலும் உள்ளங்கையை வைத்து, மூடியை அழுத்துவதுபோலக் கெட்டியாக அழுத்திக்கொண்டிருந்தார். சிறுவர் கதை அம்மாள் உள்ளே போனாள். குடைக்காரர் பேனாவை உதறி மை வருகிறதா என்று பார்ப்பதற்குள் கையில் சான்றோடு வெளியே வந்துவிட்டாள். கொண்டை மட்டும் நசுங்கியிருந்தது.

"என்னன்னே தெரியல" என்றாள் கொண்டையைச் சரிசெய்தபடி. "எங்களைத் தொடர்ந்து ஒரு நிமிஷத்துக்கு மேல வெச்சிருந்தா சூடாயிடுமாம். முத்திரையைக் குத்தி வெளிய அனுப்பிட்டாங்க."